ஒரு எழுத்து, நாலு அடுக்கு: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் அடுக்கு எழுத்தைப் பற்றிப் போகிற போக்கில் இரண்டு வரி எழுதியிருந்தேன். அதற்கே இத்தனை கேள்விகள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. எனவே இந்த முறை முழுக்க அதுதான். புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: ஒரே எழுத்தின் உடல், அதைச் சுற்றிய ஓரக்கோடு, உடலுக்குள் ஓடும் உட்கோடு, பின்னால் விழும் நிழல் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாக வரைந்து, ஆளுக்கொரு நிறம் கொடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்துவதுதான் அடுக்கு எழுத்து.

அக்கா, இப்போதுதான் எழுத்து வரையக் கற்றுக்கொள்கிறேன். போஸ்டர்களில் வருகிற மாதிரி கலர் கலராக, அடுக்கடுக்காகச் செய்ய ஆசை. எந்த சாஃப்ட்வேரில் ஆரம்பிக்கலாம்?
*— கல்லூரி மாணவி ஒருவர்*

சாஃப்ட்வேர் அப்புறம். முதலில் ட்ரேசிங் பேப்பர், பென்சில், கொஞ்சம் கலர் பென்சில். வார்த்தை வேண்டாம், ஒரே ஒரு எழுத்து போதும். நான் பாடம் எடுக்கும்போது முதல் எழுத்தாக மூணுசுழி ‘ண’வைத்தான் கொடுப்பேன். பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள். ‘ப’ கொடுங்களேன், ‘ட’ கொடுங்களேன் என்று கெஞ்சுவார்கள். ‘ப’வில் மூன்று கோடு, இரண்டு மூலை. எந்த அடுக்கைப் போட்டாலும் தப்பித்துவிடும், அதனால் அதில் கற்றுக்கொள்ள அதிகம் இல்லை. ‘ண’விடம் அந்தச் சலுகையெல்லாம் கிடையாது.

‘ண’வை 10 செ.மீ. உயரத்தில் ஒற்றைக் கோடாக எழுதுங்கள். இது எலும்பு. மேலே ஒரு ட்ரேசிங் பேப்பரைப் போட்டு, கோட்டின் இரண்டு பக்கமும் 6 மி.மீ. சதை வையுங்கள். 12 மி.மீ. தடிமனில் உடல் கிடைத்துவிட்டது. அடுத்த தாளில், உடலைச் சுற்றி 3 மி.மீ. தள்ளி ஓரக்கோடு. வேடிக்கை இங்கேதான் ஆரம்பம். சுழிக்குள்ளே இருக்கும் வெள்ளை இடம் 8 மி.மீ. அகலம் என்று வைத்துக்கொள்வோம். ஓரக்கோடு இரண்டு பக்கமிருந்தும் மும்மூன்று மி.மீ. உள்ளே வந்தால் மிச்சம் 2 மி.மீ. இதே எழுத்தை 2 செ.மீ. உயரத்துக்குக் குறுக்கினால் அந்தப் பொத்தல் 0.4 மி.மீ. அதாவது, கண்ணுக்கு அடைந்துவிட்டது. சுழி அடைந்த பிறகு அது மூணுசுழியா ரெண்டுசுழியா என்று யார் எண்ணுவது?

இதற்கு மூன்று வழி உண்டு. சுழிக்குள் ஓரக்கோடு போடாமல் வெளிச்சுற்றுக்கு மட்டும் போடலாம். பெரும்பாலான போஸ்டர்களில் அப்படித்தான் செய்திருப்பார்கள். உடலை இளைக்க வைக்கலாம். அல்லது எலும்புக்கே திரும்பிப் போய்ச் சுழியைப் பெரிதாக எழுதலாம். எனக்குப் பிடித்தது மூன்றாவது. மேலே எத்தனை அடுக்கு ஏறப்போகிறது என்பது எலும்பு எழுதும்போதே தெரிந்திருந்தால், எழுத்து கடைசிவரை மூச்சுவிடும். ஏற்கெனவே தடித்த ஒரு ஃபான்ட்டை எடுத்து ஓரக்கோடு போட்டுப் பாருங்கள், ‘ண’, ‘ன’, ‘அ’, ‘ஐ’ எல்லாம் திணறுவது தெரியும்.

அடுத்த தாளில் உட்கோடு. உடலின் நடுவே ஓடும் மெல்லிய கோடு. சுழி வளைந்து வந்து தன்னையே தொடும் இடத்தில் இரண்டு உட்கோடுகள் முட்டிக்கொள்ளும். எது மேலே, எது கீழே? பேனாவால் எழுதிப் பாருங்கள். பிந்தி வந்த கோடு மேலே. முந்தியதை, முட்டுவதற்கு 1 மி.மீ. முன்னால் நிறுத்திவிடுங்கள். மீதியைக் கண்ணே சேர்த்துக்கொள்ளும். சின்ன வேலைதான், ஆனால் எழுத்து தட்டையாக இருந்ததா, வளைந்து எழுந்ததா என்பதை இந்த 1 மி.மீ. இடைவெளிதான் தீர்மானிக்கிறது.

நிழலை இப்போதைக்கு விடுங்கள், கீழே வேறொருவர் கேட்டிருக்கிறார். உடல், ஓரக்கோடு, உட்கோடு மூன்றுக்கும் நிறம் கொடுங்கள். பிறகு இன்னொரு பிரதி, இன்னொரு பிரதி. ஒரு தடவைக்கு ஒரே ஒரு அடுக்கின் நிறத்தைத்தான் மாற்ற வேண்டும். மூன்றையும் சேர்த்து மாற்றினால், எது வேலை செய்தது, எது கெடுத்தது என்று தெரியாமல் போய்விடும். இதை அலுக்கும்வரை செய்துவிட்டுக் கணினிக்குப் போங்கள். இன்க்ஸ்கேப் இலவசம், இந்த வேலைக்குத் தாராளமாகப் போதும். அதில் ‘லிங்க்டு ஆஃப்செட்’ என்று ஒன்று உண்டு. மூல வடிவத்தைத் திருத்தினால் ஓரக்கோடும் கூடவே திருந்திக்கொள்ளும். கையால் வரைந்து பழகியவருக்குத்தான் அதன் அருமை புரியும்.

கறுப்பு வெள்ளையில் நான் வரைந்த எழுத்து எடுப்பாக இருக்கிறது. நிறம் கொடுத்ததும் சொதப்பிவிடுகிறது. எல்லாமே பளிச்சென்ற நிறங்கள்தான். ஏன் இப்படி?

பளிச்சென்று இருப்பதுதான் வினை. நிறத்தின் பெயரைப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள், வெளிச்ச அளவைப் பார்க்கவில்லை. எழுத்தின் வடிவத்தைக் கண் பிடித்துக்கொள்வது பெரும்பாலும் வெளிச்ச வித்தியாசத்தை வைத்துத்தான்.

ஒரு கணக்கு சொல்கிறேன். திரையில் ஒரு நிறத்தின் வெளிச்ச அளவில் பச்சையின் பங்கு சுமார் 72 விழுக்காடு, சிவப்பின் பங்கு 21, நீலத்தின் பங்கு வெறும் 7. அதனால் சுத்தமான மஞ்சள் (சிவப்பும் பச்சையும் சேர்ந்தது) கிட்டத்தட்ட வெள்ளைக்குச் சமம். சுத்தமான நீலம் கறுப்புக்குப் பக்கத்து வீடு. வெள்ளைத் தாளில் மஞ்சள் எழுத்தின் மாறுபாட்டு விகிதம் (1:1 என்றால் வெளிச்சத்தில் வித்தியாசமே இல்லை) 1.07:1 மட்டுமே, நீல எழுத்துக்கு 8.6:1. சுத்தமான சிவப்பும் 127, 127, 127 (சிவப்பு, பச்சை, நீலத்துக்கு முறையே 0 முதல் 255 வரையிலான எண்) என்ற நடுத்தரச் சாம்பலும் வெளிச்சத்தில் ஏறக்குறைய ஒன்றே. சாம்பல் பின்னணியில் ரத்தச் சிவப்பில் உடல் வைத்தால் கத்துகிறது, ஆனால் என்ன எழுத்து என்று சொல்ல மாட்டேன் என்கிறது.

மென்பொருளில் நிறம் தேர்வு செய்யும் பெட்டியில் ஹெச்எஸ்எல் (சாயல், செறிவு, ‘லைட்னஸ்’ என்று மூன்று எண்ணால் நிறத்தைச் சொல்லும் முறை) எண்களை நம்பி ஏமாந்திருப்பீர்கள். அந்த முறையில் மஞ்சளுக்கும் நீலத்துக்கும் ‘லைட்னஸ்’ ஒரே 50 என்று காட்டும். இதைவிட 2020-இல் பியோர்ன் ஓட்டோசன் வெளியிட்ட ஓகேலாப் முறையும், அதிலிருந்து வந்த ஓகேஎல்சிஹெச் முறையும் கண்ணோடு ஒத்துப்போகும். எண்ணே வேண்டாம் என்றால் கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பாருங்கள். எந்த இரண்டு அடுக்கு ஒன்றாகக் கலந்து தெரிகிறதோ, அங்கே ஒன்றை வெளுக்கவோ கறுக்கவோ வையுங்கள்.

என் வழக்கம்: முதலில் வெறும் சாம்பலில் நாலு அடுக்குக்கும் நாலு வெவ்வேறு வெளிச்ச அளவை முடிவு செய்துவிடுவேன். அது நின்ற பிறகுதான் ஒவ்வொரு சாம்பலுக்கும் அதே வெளிச்சமுள்ள நிறத்தைத் தேடுவேன். மந்தமான வழிதான். ஆனால் சீக்கிரம் முடியும்.

மல்ட்டிப்ளை போட்டால் நிறங்கள் அழகாகக் கலக்கும் என்றார்கள். போட்டேன். எழுத்தையே காணோம்!

பின்னணி கறுப்பா? அப்படியென்றால் காணாமல்தான் போகும். மல்ட்டிப்ளை என்பது மேல் அடுக்கின் நிறத்தைக் கீழ் அடுக்கோடு கலக்கும் ஒரு முறை, நிஜமாகவே பெருக்கல்தான். மேலே உள்ள எண்ணையும் கீழே உள்ள எண்ணையும் பெருக்கி 255-ஆல் வகுக்கிறது, சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் தனித்தனியாக. கறுப்பு பூஜ்யம். பூஜ்யத்தோடு எதைப் பெருக்கினாலும் பூஜ்யம். கறுப்புப் பின்னணி என்றால் ‘ஸ்க்ரீன்’ போடுங்கள், அது எதிர்த்திசையில் வேலை செய்யும்.

வெள்ளைப் பின்னணியில் மல்ட்டிப்ளை நல்ல ஆசிரியர். மஞ்சளும் சியானும் (255,255,0 – 0,255,255) ஏறினால் பச்சை. மெஜந்தாவும் மஞ்சளும் சிவப்பு. சியானும் மெஜந்தாவும் நீலம். ஆனால் ஆரஞ்சும் நீலமும் ஒன்றுக்கொன்று எதிர் நிறமாச்சே, அமர்க்களமாக இருக்கும் என்று 255,165,0-உம் 0,0,255-உம் போட்டால் ஏறுகிற இடம் சுத்தக் கறுப்பு. கொஞ்சம் வெளுத்த நிறங்களாக, 120,180,255 என்ற வானநீலத்தையும் 255,150,100 என்ற இளம் ஆரஞ்சையும் போட்டால் 120,106,100, அதாவது சேற்றுச் சாம்பல். சேறு தப்பில்லை, அதை எங்கே வைக்கிறோம் என்பதுதான் விஷயம். உடலும் நிழலும் ஏறுகிற மெல்லிய ஓரத்தில் அந்தச் சாம்பல் வந்தால் எழுத்துக்கு ஒரு கனம் கிடைக்கும். எழுத்து முழுக்க வந்தால் அழுக்கு.

அடுக்கு எழுத்து கம்ப்யூட்டர் வந்த பிறகு வந்த ஃபேஷன்தானே?
*— ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்*

இல்லை ஐயா. மரக்கட்டை காலத்துச் சங்கதி. 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் சுவரொட்டிகளுக்குப் பெரிய எழுத்துகளை மரத்தில்தான் வெட்டினார்கள். ஈயத்தில் வார்த்தால் அந்த அளவில் கனம் தாங்காது. அந்தக் காலத்திலேயே ஒரே எழுத்துக்கு இரண்டு கட்டைகள் வெட்டும் பழக்கம் வந்துவிட்டது. முதல் கட்டைக்கு ஒரு நிற மை, அச்சு. அதே தாளை மறுபடி ஏற்றி, இரண்டாவது கட்டைக்கு வேறு மை. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகிற இடத்தில், யாரும் வாங்காத மூன்றாவது மை ஒன்று தானாகத் தோன்றும். கனெக்டிகட் மாநிலத்தில் இருந்த வில்லியம் பேஜின் நிறுவனம் 1874-இல் இந்தப் பலவண்ண மர எழுத்துகளுக்கென்றே ஒரு மாதிரிப் புத்தகம் போட்டது. மேலே நான் மல்ட்டிப்ளை என்று கணக்குப் போட்டுக் காட்டியதை அவர்கள் மையை வைத்தே செய்துவிட்டார்கள்.

பேஜின் நிறுவனத்தைப் பின்னால் ஹாமில்டன் நிறுவனம் வாங்கியது. விஸ்கான்சின் மாநிலத்தின் டூ ரிவர்ஸ் ஊரில் அந்தப் பெயரில் இன்றும் மர எழுத்து அருங்காட்சியகம் இருக்கிறது. கணினி எழுத்துகளில் இந்த வழிமுறையை அழகாகத் தொடர்ந்தது டேவிட் ஜோனதன் ராஸ் செய்த ‘பஞ்ஜி’ (Bungee) என்ற ஃபான்ட் குடும்பம். உடல், உட்கோடு, ஓரக்கோடு, நிழல் எல்லாம் தனித்தனி ஃபான்ட். ஒரே வார்த்தையை ஒவ்வொன்றிலும் தட்டச்சு செய்து மேலே மேலே வைத்தால் பொருந்திக்கொள்ளும். இலவசம்தான். தமிழ் எழுத்து அதில் இல்லை, ஆனால் அடுக்குகள் எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கின்றன என்று பார்க்கவாவது இறக்கிக்கொள்ளுங்கள். தமிழில் சோதனை செய்யத் தடித்த, உருண்ட உடல் வேண்டும் என்றால் ‘பாலூ தம்பி’ நல்ல ஆரம்பம். மெல்லிசிலிருந்து தடிமன்வரை ஒன்பது கனம் வேண்டும் என்றால் ‘கட்டுமரம்’ என்று பொருள்படும் ‘கேட்டமரான்’. மெல்லிய கனத்தை உட்கோடாகவும் தடித்ததை உடலாகவும் வைத்துப் பாருங்கள். எழுத்துக்கு எழுத்து அகலம் மாறுவதால் வார்த்தையாகப் பொருந்தாது, ஒவ்வொரு எழுத்தாகக் கையால் நகர்த்த வேண்டும். அந்த நகர்த்தலில்தான் கண் பழகும்.

நிழல் எந்தப் பக்கம் விழ வேண்டும்? வலமா, இடமா? ஒவ்வொருவர் ஒன்று சொல்கிறார்கள்.

சட்டம் எதுவும் இல்லை. ஒரு வார்த்தைக்கு ஒரே திசை, அவ்வளவுதான். ஆனால் தமிழில் வேறு சில தகராறுகள் உண்டு, அவற்றைச் சொல்கிறேன்.

முதலில் புள்ளி. ‘க்’ எழுதி, 45 பாகையில் கீழ்நோக்கி நிழல் கொடுத்தால், நிழல் எவ்வளவு பக்கவாட்டில் போகிறதோ அவ்வளவு கீழேயும் இறங்கும். புள்ளிக்கும் எழுத்தின் தலைக்கும் இடையே 5 மி.மீ. இடம் விட்டு, நிழலை 6 மி.மீ. தள்ளினால் புள்ளியின் நிழல் எழுத்தின் தலைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும். தூரத்திலிருந்து பார்த்தால் புள்ளி எழுத்தோடு ஒட்டிக்கொண்ட மாதிரி தெரியும். ஓரக்கோடும் இருந்தால் அது தின்கிற இடத்தையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். நிழலின் நீளத்தைப் புள்ளியை வைத்து முடிவு செய்யுங்கள். மெய்யெழுத்தே இல்லாத வார்த்தை என்றால் கொண்டாட்டம்தான்.

இரண்டாவது கொம்பு. ‘கெ’, ‘கே’, ‘கை’ எல்லாவற்றிலும் கொம்பு முன்னால் நிற்கிறது. நிழல் வலப்பக்கம் விழுந்தால் கொம்பின் நிழல் நேராகக் ‘க’வின் இடுப்பில் போய் இடிக்கும். கொம்புக்கும் எழுத்துக்கும் இடையே வழக்கத்தைவிடக் கூடுதல் இடம் வேண்டும். அதே சமயம் கொம்பு தன் எழுத்தைவிட்டுப் பிரிந்து முந்தின எழுத்தோடு போய்விடவும் கூடாது. எனவே அந்தக் கூடுதல் இடத்தை முந்தின எழுத்துப் பக்கமும் கொடுக்க வேண்டும். வார்த்தை அகலமாகும், ஆகட்டும்.

மூன்றாவது, அடுக்கும் வரிசை. எழுத்து எழுத்தாக முடித்து வைக்காதீர்கள். வார்த்தையின் எல்லா நிழல்களும் அடியில், அதன்மேல் எல்லா ஓரக்கோடுகளும், அதன்மேல் எல்லா உடல்களும். இல்லாவிட்டால் அடுத்த எழுத்தின் ஓரக்கோடு முந்தின எழுத்தின் உடம்பை அறுத்துக்கொண்டு நிற்கும். இப்போது நிறத்தையும் தனக்குள்ளேயே வைத்திருக்கும் வண்ண ஃபான்ட்கள் வந்துவிட்டன. அவற்றில் ஒவ்வொரு எழுத்தும் தன் எல்லா அடுக்குகளோடும் முழுதாக வரையப்பட்ட பிறகுதான் அடுத்தது வரும். அந்த மாதிரி ஃபான்ட் செய்கிறவர்கள் நிழலை வலப்பக்கம் போடுவது புத்திசாலித்தனம். வலப்பக்க நிழல்மேல் அடுத்த எழுத்து ஏறி நிற்கும், இயல்பாக இருக்கும். இடப்பக்க நிழல் முந்தின எழுத்தின் முகத்தில் பூசிவிடும்.

மங்கலான, பஞ்சு மாதிரி நிழல்? கேட்காதீர்கள். எனக்குப் பிடிக்காது. விளிம்பு இல்லாத அடுக்கிடமிருந்து எழுத்தைப் பற்றி எதையும் கற்றுக்கொள்ள முடியாது.

தமிழில் தட்டச்சு செய்தால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் விழுகிறது. நடுவில் புள்ளிவட்டம் வேறு. ஃபான்ட் சரியில்லையா?

ஃபான்ட் மேல் பழி போடாதீர்கள். அடோபி மென்பொருள் என்றால் எழுத்து அமைப்பில் ‘வேர்ல்டு ரெடி’ என்று இருக்கும் கம்போசரை (எழுத்துகளைச் சேர்த்து அடுக்கும் பகுதி) தேர்ந்தெடுங்கள், கொம்பு தன் இடத்துக்கு வந்துவிடும். அது சரியான பிறகுதான் எழுத்தை அவுட்லைனாக, அதாவது தட்டச்சு செய்து திருத்த முடியாத வெறும் வடிவமாக, மாற்ற வேண்டும். உடைந்த நிலையில் மாற்றினால் உடைந்தது உடைந்தபடியே உறைந்துவிடும்.

ஒரே சிவப்பைத்தான் இரண்டு எழுத்துக்கும் கொடுத்தேன். ஒன்று ஆரஞ்சு மாதிரியும் இன்னொன்று ரோஸ் மாதிரியும் தெரிகிறது. என் திரையில் கோளாறா?

திரையும் நன்றாக இருக்கிறது, கண்ணும் நன்றாக இருக்கிறது. 1824-இல் பாரிஸின் கோபலென் திரைச்சீலை ஆலையில் சாயப் பிரிவுக்குப் பொறுப்பேற்றவர் மிஷேல் ஷெவ்ரல் என்ற வேதியியலர். நீல, ஊதா துணிமடிப்புகளில் நிழலுக்காக நெய்கிற கறுப்பு நூல் வெளிறித் தெரிகிறது, சாயம் சரியில்லை என்று அவரிடம் புகார் வந்தது. அவர் சோதித்துப் பார்த்தால் கறுப்புச் சாயத்தில் குறையே இல்லை. பக்கத்தில் இருந்த நீலமும் ஊதாவும்தான் கறுப்பைப் பார்க்கிற கண்ணை மாற்றிவிட்டிருந்தன. அதை ஆராய்ந்து அவர் 1839-இல் ஒரு பெரிய நூலே எழுதினார்.

உங்கள் சிவப்புக்கும் அதே கதைதான். ஊதா பின்னணியில் வைத்த சிவப்பு மஞ்சள் பக்கம் சாயும், மஞ்சள் பின்னணியில் வைத்தது ஊதா பக்கம் சாயும். ஜெர்மனியின் பௌஹாவுஸ் கலைப்பள்ளியிலும் பிறகு அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்திலும் கற்பித்த ஜோசஃப் ஆல்பர்ஸ், மாணவர்களுக்கு வண்ணக் காகிதங்களைக் கொடுத்து, ஒரே நிறத்தை இரண்டு நிறமாகத் தெரிய வையுங்கள் என்பார். பெயின்ட் வேண்டாம், காகிதம்தான். பெயின்ட் என்றால் கலந்து கலந்து ஏமாற்றலாம், வெட்டிய காகிதத்தில் முடியாது. இந்தப் பயிற்சியை எழுத்தில் செய்யுங்கள். ‘அ’வின் உடலுக்கு ஒரே சாம்பல் காகிதம், ஓரக்கோட்டுக்கு மட்டும் ஒன்றில் பச்சை, இன்னொன்றில் சிவப்பு. சாம்பல் இரண்டு விதமாகத் தெரிந்தால் பயிற்சி வெற்றி. ஓரக்கோடு மெல்லியதாக இருந்தால் விளைவு குறையும், எந்தத் தடிமனில் ஆரம்பிக்கிறது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்குத் தொந்தரவாக இருந்தால் எண்ணை மறந்துவிட்டு, ஒன்றாகத் தெரியும்வரை ஒன்றைத் திருத்துங்கள். பார்க்கிறவர் எண்ணைப் பார்க்கப் போவதில்லை.

சிவப்பு எழுத்துக்கு நீல நிழல் கொடுத்தேன். பார்க்கப் பார்க்க ஆடுகிறது, கண் வலிக்கிறது.

கண்ணின் லென்ஸ் சிவப்பு ஒளியையும் நீல ஒளியையும் ஒரே இடத்தில் குவிக்காது. அதனால் பலருக்குச் சிவப்பு முன்னாலும் நீலம் பின்னாலும் மிதக்கிற மாதிரி தெரியும். இரண்டுக்கும் நடுவே மெல்லிய வெள்ளை அல்லது கறுப்பு ஓரக்கோடு ஒன்றைச் செருகினால் அடங்கிவிடும்.

திரையில் கச்சிதமாக இருந்தது. அச்சடித்து வந்தபோது எழுத்துக்கும் நிழலுக்கும் நடுவே வெள்ளைக் கீற்று. அச்சகத்தில் கேட்டால் ஃபைல் சரியில்லை என்கிறார்கள்.

அவர்கள் சொல்வதில் பாதி உண்மை. ஒவ்வொரு மைக்கும் தனி பிளேட். தாள் அடுத்தடுத்த மைக்குப் போகும்போது மயிரிழை நகர்ந்தாலும் ரெஜிஸ்டர், அதாவது மைகள் ஒன்றோடொன்று பொருந்துவது, விலகும். உங்கள் நீல நிழலில் மஞ்சள் உடலுக்கென்று பொத்தல் வெட்டப்பட்டிருக்கும். அதை நாக்அவுட் என்பார்கள். மஞ்சள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தால் ஒரு பக்கம் வெள்ளை எட்டிப் பார்க்கும். தீர்வு ட்ராப்பிங்: வெளிர் நிறத்தைச் சுற்றிலும் சுமார் கால் பாயின்ட் பெருக்கி, அடர் நிறத்துக்குள் ஏற விடுவது. வெளிர் நிறத்தைத்தான் பெருக்க வேண்டும். எழுத்தின் விளிம்பு எங்கே என்று கண்ணுக்குச் சொல்வது அடர் நிறம், அதை நகர்த்தினால் எழுத்தின் உருவமே மாறிவிடும்.

அல்லது அடுக்கையே அச்சுக்கு ஏற்ற மாதிரி யோசியுங்கள். எல்லாவற்றுக்கும் வெளியே ஒரு தடித்த கறுப்பு ஓரக்கோடு, அதற்கு ஓவர்பிரின்ட், அதாவது அடியில் பொத்தல் வெட்டாமல் மற்ற மைகளின் மேலேயே அச்சடிப்பது. எந்த விலகலும் அதன் அடியில் மறைந்துவிடும். ஒன்று மட்டும் கவனம்: வெள்ளை எழுத்துக்கு ஓவர்பிரின்ட் டிக் விழுந்திருந்தால் அச்சில் அது வரவே வராது. வழக்கமான நாலு மை (சியான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு) அச்சில் வெள்ளை என்று ஒரு மை கிடையாதே, அடியில் இருக்கும் நிறம் அப்படியே அச்சாகும். ஃபைல் கொடுப்பதற்கு முன் ஓவர்பிரின்ட் பிரிவியூவை ஒருமுறை பார்த்துவிடுங்கள். செய்தித்தாள் மாதிரி உறிஞ்சும் தாள் என்றால் ஒரே இடத்தில் விழும் நாலு மையின் விழுக்காடுகளின் கூட்டல் (ஒவ்வொன்றும் 100 வரை போகலாம்) சுமார் 240-ஐத் தாண்ட விடாதீர்கள், மை காயாமல் அடுத்த தாளில் ஒட்டும்.

என் தம்பிக்குச் சிவப்பும் பச்சையும் ஒரே மாதிரி தெரியும். அவனும் படிக்கிற மாதிரி எப்படி வண்ணம் தேர்வு செய்வது?

நல்ல கேள்வி. உலகில் கணிசமான ஆண்களுக்கு இப்படித்தான் தெரிகிறது. ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறக்குறைய பன்னிரண்டு பேரில் ஒருவருக்கு. இணையப் பக்கங்களுக்கான பொது வழிகாட்டுதல், சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5:1, பெரிய எழுத்துக்கு 3:1 மாறுபாடு கேட்கிறது. சுத்தப் பச்சையில் சுத்தச் சிவப்பு வைத்தால் 2.9:1-தான் வருகிறது. சாம்பலில் தொடங்கச் சொன்னேனே, அதைச் செய்தால் தம்பிக்கும் சேர்த்தே வேலை முடிந்துவிடும். முடித்த பிறகு அவரிடமே காட்டிவிடுங்கள், எந்தக் கருவியையும்விட அவர் சரியாகச் சொல்வார்.

எத்தனை நிறம் வரை போகலாம்?

இரண்டு மை. ஏறுகிற இடத்தில் மூன்றாவது கிடைக்கும், தாளின் வெள்ளை நாலாவது. அது போதாது என்று தோன்றுகிற அன்றைக்கு மூன்றாவது மையைத் திறங்கள்.

‘மழை’ என்ற வார்த்தையை நாலு அடுக்கில் செய்து அனுப்பியிருக்கிறேன். வெள்ளை உடல், வானநீல ஓரக்கோடு, கருநீல நிழல், பின்னணி வெளிர்நீலம். பார்த்துச் சொல்லுங்கள்.

பார்த்தேன். ‘ம’வின் வளைவு அருமை, உடலின் தடிமன் அடியில் கொஞ்சம் கூடி மேலே குறைவது வேண்டுமென்றே செய்ததா, கை தானாகச் செய்ததா தெரியவில்லை, எப்படியிருந்தாலும் விட்டுவிடாதீர்கள்.

சிக்கல் ஓரக்கோட்டில். வானநீல ஓரக்கோடும் வெளிர்நீலப் பின்னணியும் வெளிச்சத்தில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. அதனால் இடப்பக்கமும் மேல்பக்கமும், அதாவது நிழல் இல்லாத பக்கங்களில், ஓரக்கோடு பின்னணியோடு கரைந்து, எழுத்து அந்தப் பக்கம் மட்டும் இளைத்துத் தெரிகிறது. ஓரக்கோட்டை எடுத்துவிடுங்கள், அல்லது பின்னணியை இன்னும் வெளுக்க வையுங்கள். நான் என்றால் எடுத்துவிடுவேன். அந்த அடுக்குக்கு இங்கே வேலையே இல்லை, வெள்ளையைக் கருநீலம் ஏற்கெனவே தாங்கிப் பிடித்துவிட்டது.

அப்புறம் ‘ழ’வின் வால். கீழே இறங்கி வளைகிற இடத்தில் வாலின் நிழலும் உடலின் நிழலும் சேர்ந்து ஒரே கருநீலக் கட்டியாகிவிட்டன. அந்த இடத்தில் மட்டும் வாலை இன்னும் கொஞ்சம் கீழே இழுத்தால் நடுவில் பின்னணியின் வெளிர்நீலம் ஒரு கீற்று தெரியும், அது போதும். ‘ை’யின் நிழல் ‘ழ’வில் இடிக்காமல் இடம் விட்டிருக்கிறீர்கள், சபாஷ். ஆனால் ‘ம’வுக்கும் ‘ை’க்கும் இடையே அதே அளவு இடம் இல்லாததால், ‘ை’ ‘ம’வோடு சேர்ந்து போகப் பார்க்கிறது. அங்கேயும் கொஞ்சம் திறந்துவிடுங்கள்.

திருத்தி மறுபடி அனுப்புங்கள். கூடவே சாம்பல் பிரதி ஒன்றும் வேண்டும், இந்த முறை அதை அனுப்பவில்லை.